நாலாப்பு பிள்ளைக்கு தீக்ஷா ஆப் - என் அனுபவம்

எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், மக நாலாப்பு படிக்கா. 2018ல புதுப் பாடப்புத்தகம் வர ஆரம்பிச்சப்பவே க்யூஆர் கோடு போட்டுட்டாங்கல்லா, அத இத்தன நாளா ஏதோ கட்டம்னு தாண்டிப் போயிட்டோம், டீச்சர் சொல்லித்தான் தீக்ஷாங்கற அரசாங்கத்தோட படிப்பு ஆப்ப போன்ல இறக்குனேன். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கோட ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கே நேரா போயிருது. பின்னம் நான் எத்தன தடவ சொல்லியும் ஏறல, வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்துட்டு மறுநா காலைல தோசைய நாலா பிச்சு "இது கால் பங்கும்மா"ன்னு காமிச்சா பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு! பாபநாசத்துல ஆச்சி வீட்டுல சிக்னல் சுத்தமா கிடைக்காது, அதனால கிளம்பும்போதே டவுன்லோட் பண்ணி வச்சிருவேன். ஆனா நாம பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்கணும், போன கையில கொடுத்துட்டு அடுக்களைக்குப் போனா அஞ்சு நிமிசத்துல கார்ட்டூன்ல போய் நிக்கா.