கணக்கு வழிமுறைக்கு எந்த அட்டை? ஆங்கியில் மூன்று வழிகள்

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டை போட்டு, நினைவிருப்பதை வரவர நீண்ட இடைவெளியில் திரும்பக் காட்டும் செயலி ஆங்கி (Anki). வாய்பாடு, வரையறை போன்றவற்றுக்கு அதில் அட்டை போடுவது எளிது. படிப்படியாகச் செய்யும் கணக்குக்குத்தான் குழப்பம். அமில ஊடகத்தில் ரெடாக்ஸ் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க) சமன்பாட்டைச் சமன்செய்வதை வைத்துப் பார்ப்போம்.

முழுக் கணக்கு அட்டை: முன்பக்கம் பெர்மாங்கனேட்–ஃபெரஸ் வினை, பின்பக்கம் விடை. போட ஒரு நிமிடம் போதும். ஆனால் சில சுற்றுக்குள் ‘ஃபெரஸுக்கு 5, ஹைட்ரஜன் அயனிக்கு 8, நீருக்கு 4’ என்று வாய் ஒப்பித்துவிடும். பேனாவே எடுக்க மாட்டீர்கள். அட்டை அடுத்து வரும் இடைவெளி மாதக்கணக்கில் நீளும், முறை மட்டும் மறந்திருக்கும். இதற்கு என் ஓட்டு கிடையாது.

படி அட்டை: ‘ஆக்சிஜனைச் சமன்செய்ய?’ நீர். ‘ஹைட்ரஜனை?’ ஹைட்ரஜன் அயனி. ‘மின்சுமையை?’ எலக்ட்ரான். பத்து விநாடி வேலை, நன்றாகவே பதியும். கோர்க்கும்போதுதான் உதைக்கும். டைக்குரோமேட்டில் முதலில் குரோமியத்தை 2 ஆக்காமல் நீரைச் சேர்த்தால், 6 எலக்ட்ரானுக்குப் பதில் 9 வந்து நிற்கும்.

தொகுப்பு அட்டை: முன்பக்கத்தில் ‘அமில ஊடக ரெடாக்ஸ், நோட்டில் அடுத்த கணக்கு’ என்று மட்டும் இருக்கும். நோட்டில் விடையோடு 12 கணக்குகள். அட்டை வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தாளில் போட்டு, இருபுறமும் அணுக்களும் மொத்த மின்சுமையும் சமமா என்று சரிபார்க்க வேண்டும். படி மறந்திருந்தால் ‘அகெய்ன்’ (மீண்டும்) பொத்தான். கூட்டல் பிழை மட்டும் என்றால் ‘ஹார்ட்’ (கடினம்). மறந்துபோனதற்கு ‘ஹார்ட்’ அழுத்தாதீர்கள், ஆங்கி அதை நினைவிருந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு கணக்குக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும் என்பதால் தனி டெக் (அட்டைக்கட்டு) வைத்து, நாளுக்கு 4 மறுபார்வை என்று வரம்பு போடுங்கள். சொல் அட்டைகளோடு கலந்தால் அவசரத்தில் மனக்கணக்காகப் போட்டுத் தள்ளிவிடுவோம்.

இதிலும் ஓட்டை உண்டு: எந்த முறை என்பதை அட்டையின் தலைப்பே சொல்லிவிடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் திண்ம உருவங்களின் கனஅளவுக் கணக்குகளை வகைவாரியாகப் பயின்றவர்கள் ஒரு வாரம் கழித்து 20 சதவீதமும், கலந்து பயின்றவர்கள் 63 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். பயிற்சியின்போது முன்னவர்களே முந்தியிருந்தார்கள்! ஆகவே தலைப்பில்லாத ‘கலவை’ அட்டை ஒன்றும் வேண்டும். அதன் நோட்டில் அமில, கார ஊடகக் கணக்குகளும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக் கணக்குகளும் (எந்த வினைபொருள் முதலில் தீரும் என்று காண்பவை) மாறிமாறி இருக்கட்டும்.

படி அட்டையை, தொகுப்பில் இரண்டு முறை தடுக்கிய படிக்கு மட்டும் போடுங்கள். கார ஊடகத்தில் ஹைட்ராக்சைடை ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது வழக்கமான தடுக்கல். அதற்கு ஓர் அட்டை போதும்.