எலுமிச்சை மணக்கும் மென்மையான வெண்ணெய் குக்கீ: எந்தப் பழம், எந்தக் கொழுப்பு, எந்த அடுப்பு?

செங்கோட்டைப் பக்கத்துச் சமையலறைகளுக்கு ஒரு வசதி உண்டு. வடகிழக்கே கடையநல்லூரைத் தாண்டினால் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிச் சந்தை. மேற்கே புளியறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறி இறங்கினால், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூரின் பேக்கரிகள். பழம் ஒரு திசையிலிருந்தும் பேக்கரி ருசி மறு திசையிலிருந்தும் வந்து சேரும் இந்த எல்லைப் பகுதியில், வீட்டிலேயே எலுமிச்சை குக்கீ சுட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கடையில் வாங்கும் பட்டர் பிஸ்கட்டைப் போல மொறுமொறுப்பாக அல்லாமல், நடுப்பகுதி மெத்தென்று இருக்கவும், கடித்தவுடன் எலுமிச்சை மணக்கவும் வேண்டுமென்றால், பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவைப்படுகிறது. மென்மையைத் தருவது மாவில் தங்கும் ஈரம்; மணத்தைச் சுமப்பதோ கொழுப்பு. இந்த இரண்டையும் ஒரே பொருளிடம் எதிர்பார்ப்பதால்தான், குறிப்பாக எலுமிச்சைச் சாற்றிடம் எதிர்பார்ப்பதால்தான், பெரும்பாலான முயற்சிகள் ஏமாற்றத்தில் முடிகின்றன.

முதலில் பழம். வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் பழம் தடித்த தோலுடைய பெரிய மஞ்சள் எலுமிச்சை. நம் சந்தையில் குவிந்து கிடப்பதோ மெல்லிய தோலுடைய சிறிய எலுமிச்சை. ஆகவே, அச்செய்முறைகளில் ஒரு பழத்தின் தோல் என்றிருந்தால், நம் பழத்தில் மூன்று அல்லது நான்கின் தோலைத் துருவ வேண்டியிருக்கும். இதில் நன்கு பழுத்து மஞ்சளானதை விட, பச்சை முழுதும் மாறாத, கெட்டியான பழமே துருவலுக்கு ஏற்றது. பழுத்ததன் தோல் துருவியில் வழுக்குவதோடு, அடியிலுள்ள வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்துவிடும். கசப்பு அந்த வெள்ளைப் பகுதியில்தான் இருக்கிறது.

கமலா ஆரஞ்சின் தோல் எலுமிச்சையின் கூர்மை இல்லாத, இனிப்புச் சாயலுள்ள மணம் தருகிறது. குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அதன் தோல் சதையை விட்டு விலகித் தொளதொளவென்று இருப்பதால், துருவுவதற்குப் பழத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் போராட வேண்டும். சாத்துக்குடியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. ஜூஸுக்கு அதன் சாந்தமான சுவை நன்றாக இருந்தாலும், வெண்ணெயோடு சேர்த்துச் சுட்டபின் அது இருந்ததற்கான அடையாளமே தெரிவதில்லை. நாரத்தை வேறு வகை. அதன் மேல்தோலில் எண்ணெய் நிறைந்து மணம் தூக்கலாக இருக்கும்; கூடவே கசப்பும் வரும். ஊறுகாயில் அந்தக் கசப்பை உப்பும் காரமும் சமாளித்துவிடுகின்றன. கேரளத்தின் ஓண விருந்தான சத்யையில் வடுகப்புளி நாரங்காய் ஊறுகாயைத் தேடிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கசப்பே ருசி. குக்கீயில் அதைத் தாங்கிப் பிடிக்கச் சர்க்கரையும் வெண்ணெயும் மட்டுமே இருப்பதால், நாரத்தைத் துருவலை ஒரு சிட்டிகைக்கு மேல் சேர்ப்பது துணிச்சல். எலுமிச்சைத் துருவலோடு அந்தச் சிட்டிகையைக் கலந்தால் மட்டும் மணம் ஆழமாகிறது.

பழத்தை முடிவு செய்தபின், அதன் தோலா, சாறா, கடையில் விற்கும் எசன்ஸா என்ற கேள்வி வருகிறது. உண்மையான போட்டி இங்கேதான். எலுமிச்சையின் மணம் மேல்தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. லிமோனீன், சிட்ரால் போன்ற அந்த மணப்பொருள்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. ஆகையால் துருவலை வெண்ணெயோடு சேர்க்கும்போது மணம் வெண்ணெயில் தங்கி, அடுப்பின் சூட்டையும் ஓரளவு தாங்குகிறது. சாற்றிலோ புளிப்புதான் மிகுதி, மணம் குறைவு. இரண்டு மேசைக்கரண்டிச் சாறு ஊற்றினால் கிட்டத்தட்ட 30 மில்லி தண்ணீரும் மாவில் சேர்ந்துவிடுகிறது. மாவு தளர்கிறது; உருட்ட வரவில்லையே என்று கூடுதலாக மைதாவைத் தூவுகிறோம்; தண்ணீரும் மைதாவும் கூடிப் பசைத்தன்மை வளர்ந்து, மென்மையான குக்கீக்குப் பதிலாகக் கெட்டியான ரொட்டி போன்ற ஒன்று கிடைக்கிறது. அமிலம் கூடினால் மேற்புறம் சிவப்பதும் தாமதமாகிறது. நிறம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அதற்குள் குக்கீயை உலர்த்திவிடுகிறார்கள்.

புளிப்பும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மாவில் ஒரு தேக்கரண்டிச் சாறு போதும். மீதிப் புளிப்பை மேலே கொண்டுபோய் வைக்கலாம். ஐம்பது கிராம் பொடித்த சர்க்கரையில் இரண்டு தேக்கரண்டிச் சாற்றைக் குழைத்து, ஆறிய குக்கீயின்மேல் மெல்லியதாகத் தடவினால், சூடு படாத சாறு தன் புளிப்பையும் பசுமையையும் இழக்காமல் நாவில் படும். சாற்றுக்கு உகந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

எசன்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறிய குப்பி, குறைந்த விலை, துருவும் வேலை மிச்சம். இவை அதன் நன்மைகள். அளவு சற்றே மிஞ்சினாலும் பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை வந்துவிடும் என்பது அதன் தீமை. பழமே கிடைக்காத ஊரில் அதற்கு நியாயம் உண்டு. புளியங்குடிக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு எசன்ஸ் வாங்குவது எனக்குப் புரியவில்லை. சித்திரை, வைகாசியில் எலுமிச்சை விலை ஏறும் காலத்திலும், சர்பத்துக்குப் பிழியும் பழங்களின் தோலைப் பிழிவதற்கு முன்பே துருவி, சர்க்கரையில் புரட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் தனிச்செலவு ஏதுமில்லை.

சர்க்கரையில் புரட்டுவது சேமிப்புக்காக மட்டுமல்ல. சீனிப் பரல்களோடு துருவலைச் சேர்த்து விரல்களால் அழுத்தித் தேய்த்தால், பரல்களின் கூர்மை எண்ணெய்ப் பைகளை உடைத்து, சீனி முழுவதும் ஈரமாகி மணக்கும். அதன் பிறகு மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடித்துக்கொள்ளலாம். முன்பே பொடித்த சர்க்கரையில் தேய்த்தால் இந்தப் பலன் பாதிகூடக் கிடைப்பதில்லை.

அடுத்த போட்டி வெண்ணெய்க்கும் நெய்க்கும். கடையில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பும், அதிகபட்சம் 16 விழுக்காடு ஈரமும் இருக்கலாம் என்பது உணவுத் தர விதி; நெய்யிலோ ஈரம் இல்லையென்றே சொல்லலாம். இந்த ஒரு வேறுபாடுதான் இரண்டின் குணத்தையும் தீர்மானிக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும்போது காற்று அதில் சிக்கிக்கொள்கிறது. சுடும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகி அந்தக் காற்றறைகளைப் பெருக்குகிறது. மிஞ்சிய ஈரம் நடுவில் தங்கி மென்மை தருகிறது. நெய்யில் செய்தால் வாயில் போட்டதும் மணல் போல உதிரும் நான்கட்டாய் கிடைக்கும். அது குறையல்ல, வேறொரு பண்டம். நெய்யில்தான் செய்தாக வேண்டுமென்றால், 100 கிராம் வெண்ணெய்க்கு மாற்றாக 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டிப் பாலும் என்று கணக்கிடலாம்; அப்போதும் நல்ல நெய்யின் வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடுவதால், அந்த முறைக்குக் கமலா ஆரஞ்சே பொருத்தமான துணை.

பாலாடையைத் திரட்டி வீட்டில் கடைந்த வெண்ணெயை இந்தப் பகுதியில் இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அதன் இலேசான புளிப்பு எலுமிச்சையோடு அழகாகச் சேரும். ஆனால் அதில் எவ்வளவு மோரும் நீரும் தங்கியிருக்கின்றன என்பது ஒவ்வொரு முறையும் மாறும். குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக அழுத்திப் பிழிந்த பிறகே எடைபோட வேண்டும். கடையின் மஞ்சள் வெண்ணெயில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், தனியாக உப்புச் சேர்க்கத் தேவையில்லை. வனஸ்பதியில் செய்தால் குக்கீ வடிவம் மாறாமல் நிற்கும் என்பதும், விலை மலிவு என்பதும் உண்மை. 2022 முதல் அதில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துவிட்டது. இருந்தும், வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே உருகுவதைப் போல அது உருகாமல் மேலண்ணத்தில் படிந்துகொள்வதால், எலுமிச்சையின் மணம் அந்தப் படிவுக்குள் அடைபட்டுப்போகிறது.

மாவைப் பொறுத்தவரை மைதாவே முதலிடம் பெறுகிறது. அதில் ஒன்பதில் ஒரு பங்கைச் சோளமாவாக (கார்ன்ஃப்ளார்) மாற்றினால் இன்னும் மிருதுவாகும். கோதுமை மாவின் தவிட்டு மணமும், நாட்டுச் சர்க்கரையின் வெல்லப் பாகு மணமும் தனித்தனியே நல்லவைதான். நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் மென்மைக்கும் உதவும். ஆனால் எலுமிச்சையின் மென்மணம் அவற்றுக்கு முன்னால் நிற்பதில்லை.

முட்டை சேர்ப்பவர்கள் மஞ்சள் கருவை மட்டும் சேர்ப்பது நல்லது. வெள்ளைக் கரு குக்கீயை உலர்த்திக் கேக் போல உப்பச் செய்கிறது. முட்டை புழங்காத வீடுகளில் இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து, சர்க்கரையில் இருபது கிராமைக் குறைத்துக்கொள்ளலாம். தயிரை விட இதையே விரும்புகிறேன். தயிரின் நீரும் புளிப்பும் மேலே சாற்றுக்குச் சொன்ன சிக்கலையே திரும்பக் கொண்டுவருகின்றன.

அளவாகச் சொன்னால்: 100 கிராம் வெண்ணெய், 90 கிராம் சர்க்கரை, 160 கிராம் மைதா, 20 கிராம் சோளமாவு, ஒரு மஞ்சள் கரு, நான்கு எலுமிச்சையின் துருவல், ஒரு தேக்கரண்டிச் சாறு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். வெண்ணெயையும் மணமேற்றிய சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, கருவையும் சாற்றையும் கலந்து, மாவைச் சேர்த்தபின் பிசையாமல் திரட்ட மட்டுமே வேண்டும். வெயில் காலத்தில் வெண்ணெய் எண்ணெயாக வழிவதால், திரட்டிய மாவை அரைமணி முதல் ஒரு மணி நேரம் குளிர வைக்காமல் அடுப்பில் ஏற்றினால், உருண்டைகள் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக அடுப்பு. மின்சார ஓவனில் 170 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்களில், ஓரம் மட்டும் இலேசாகப் பொன்னிறமாகி நடுப்பகுதி வெந்ததா என்று சந்தேகம் வரும் நிலையில் எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் மீதி வேகும். ஓவன் இல்லாதவர்கள் பயன்படுத்தும் முறை, அடிகனமான பாத்திரத்திலோ கேஸ்கெட்டும் விசிலும் கழற்றிய குக்கரிலோ உப்பைப் பரப்பிச் சூடாக்கி, ஸ்டாண்டின்மேல் தட்டை வைப்பது. இதில் சூட்டை அளக்க முடியாது. அடி கருகவும் வாய்ப்புண்டு. ஒரு முறைக்கு ஆறேழு குக்கீதான் வேகும். ஆனாலும், மூடியின் கீழ் ஆவி தேங்குவதால் மேற்புறம் உலராமல் வெளிறியே இருக்கிறது. மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்கு அது பெருங்குறை. மெத்தென்ற குக்கீக்கு அதுவே சாதகம். தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்து, தீயை மிகவும் தணித்தால், ஓவனில் வருவதற்கு அதிகம் குறையாத பலனை எதிர்பார்க்கலாம். ஒரே நாளில் நான்கைந்து தட்டுகள் சுட வேண்டியவர்களுக்கு மட்டும் ஓவன் வாங்குவது பொருளுடையது.

குற்றாலச் சீசன் நாள்களில், கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து இப்பகுதி முழுவதும் ஈரமாக இருக்கும்போது, மொறுமொறுப்பான பிஸ்கட் ஒரே மாலையில் நமத்துவிடும். இந்தக் குக்கீயோ முழுமையாக ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போட்டால் மூன்று நான்கு நாள்கள் தன் பதத்தில் நிற்கும். சாற்றுப் பூச்சு பூசியவற்றை மட்டும் அந்தப் பருவத்தில் அடுக்கி வைக்க வேண்டாம். பூச்சு கசிந்து ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால், சாப்பிடும் நேரத்தில் பூசிக்கொள்வதே நல்லது.