மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா: இரண்டு கார், ஒரே தவில்

மச்சானிடம் பிரியஸ், என்னிடம் வேகன் ஆர். அவருடைய டிக்கியில் 12 அங்குல வூஃபர் (பேஸ் எனும் ஆழமான ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), துளை வைத்த பெட்டி. என்னுடையது 10 அங்குலம், நாலாபக்கமும் மூடிய பெட்டி. எது திறம் என்று ஒரு வருசமாக வாக்குவாதம். போன ஞாயிறு இரண்டு காரையும் வெள்ளவத்தை மரீன் டிரைவில் அருகருகே விட்டு, ஒரே தவில் பதிவை மாறி மாறிப் போட்டோம்.

பிரியஸில் தவிலின் தொப்பியில் (தடித்த ஒலி தரும் பக்கம்) விழுந்த முதல் அடியே நெஞ்சில் இடித்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அந்த இடி இல்லை. ஆனால் வாசிப்பு வேகமெடுத்ததும் அவருடைய வண்டியில் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறியது. என்னுடையதில் ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்திலேயே நின்றது.

காரணம் காற்றுதான். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வூஃபரின் கூம்பைப் பிடித்து நிறுத்தும். துளைப் பெட்டியில் துளைக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஆடும். பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதைச் சுற்றி 3 டெசிபல் அளவு கூடுதலாகக் கிடைக்கும். ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) வற்ஸை இரட்டிப்பாக்கினால்தான் அவ்வளவு வரும். சும்மா கிடைப்பதில்லை, பெட்டி பெரிதாக வேண்டும். 12 அங்குலத்துக்கு மூடிய பெட்டி 1 கன அடி போதும் என்றால், துளைப் பெட்டி 2 கன அடியை எட்டும். அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடிக்க எதுவும் இல்லாததால் மிக ஆழமான அதிர்வெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரும் கட்டாயம். மச்சானின் பெட்டி 35 ஹேர்ட்ஸுக்கு அமைத்தது. ஃபில்டரை 30இல் வைத்திருக்கிறார்.

கடையில் பலகையில் மாட்டிப் போட்டுக் காட்டும்போது மூடிய பெட்டி எப்போதும் தோற்கும். அங்கே கேட்டு முடிவெடுக்காதீர்கள். கண்ணாடி ஏற்றிய சின்னக் காருக்குள் ஆழமான ஒலி தானாகவே உயரும். மூடிய பெட்டி கீழே இழப்பதில் பெரும்பங்கை கார் திருப்பித் தந்துவிடும்.

மூன்றாவது வழி, இருக்கைக்கு அடியில் போடும் தட்டை வூஃபர். ஆம்ப் உள்ளேயே இருக்கும், டிக்கி முழுக்க மிச்சம். கதவு ஸ்பீக்கர் விட்ட இடத்தை நிரப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். என்னுடைய வேகன் ஆரில் முன் இடது இருக்கைக்கு அடியில் லித்தியம் பற்றரி குடியிருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பெட்டியை 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் தச்சுப் பாஸ் ஒருவர் அடித்துத் தந்தார் (பேஸுக்குப் பெட்டி அடித்த பாஸ்!). மூலைகளை உள்ளே பசை பூசி அடைத்து, வெளியே பெயின்ற் அடிக்கச் சொன்னேன். ஈரம் பட்டால் அந்தப் பலகை பிஸ்கட் மாதிரி ஊதும். கொழும்பு மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆம்பில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. 300 வற்ஸ் வெளியே வர, மின்னைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி ஆம்ப் சுமார் 27 அம்பியர் இழுக்கும், பழைய கிளாஸ் ஏபி 40ஐத் தொடும். கொழும்பு–காலி வீதி நெரிசலில் ஏசியும் போட்டு நிற்கும்போது அந்த வித்தியாசம் ஹெட்லைற்றில் தெரியும். ஆம்ப் வந்த அட்டைப்பெட்டியில் ‘2000 வற்ஸ்’ என்று ஒட்டியிருந்தால் ஆம்பைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவதே 400 வற்ஸ் சொச்சம். 2000 எங்கிருந்து வரும்? வயரையும் பிளேட்டால் சுரண்டுங்கள். சிவப்புக்கு உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு ஃபியூஸ் வேண்டும். மச்சானின் பிரியஸில் 12 வோல்ற் பற்றரி டிக்கியிலேயே இருப்பதால் வயர் மிச்சம். ஆனால் உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள் பக்கம் கைவைக்கக்கூடாது.

டியூனிங்கில்தான் நான் சூடுபட்டேன். முதலில் பூட்டித் தந்த இடத்தில் ஒரு தம்பி ஸ்குரூ டிரைவரோடு வந்து, காதால் கேட்டுக் கேட்டு கெயினை முக்கால்வாசி திருப்பி, பேஸ் பூஸ்ட்டையும் முழுக்க ஏற்றிவிட்டார். ‘இப்பத்தான் அண்ணை செட் பேசுது’ என்றார். இரண்டு மாதத்தில் டிக்கியைத் திறந்தால் எரிந்த வார்னிஷ் மணம். வூஃபரின் கம்பிச்சுருள், அதாவது கொயில், போய்விட்டது. கெயின் என்பது வொலியூம் இல்லை, டாஷ்போர்டில் உள்ள செட் அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. அளவு மீறினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். அதே உயரத்தில் முழுச் சதுர அலை இரட்டிப்புச் சக்தியைக் கொயிலில் இறக்கும்.

இரண்டாம் வூஃபருக்கு மல்ரிமீற்றர். பேஸ் பூஸ்ட் பூச்சியம், செட் வொலியூம் முக்கால், வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலி. ஆம்பின் 300 வற்ஸை வூஃபரின் 2 ஓம் தடையால் பெருக்கினால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. ஏசி வோல்ற் அந்த எண்ணைக் காட்டும்வரை திருப்பி நிறுத்தினேன். வூஃபருக்குக் கீழ் ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் 80 ஹேர்ட்ஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு மேல் ஒலியை மட்டும் விடும் ஹை பாஸும் 80.

வூஃபரின் ஆட்டத்தைக் கதவு ஸ்பீக்கர்களின் ஆட்டத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சுக்கு மீற்றர் உதவாது. நான் சாரதி இருக்கையில் இருக்க, மகள் டிக்கியில் நின்று 0, 180 பாகை என்று மாற்றினாள். 180இல் பேஸ் முன்னுக்கு வந்தது, அங்கேயே விட்டோம். கடைசியாக மிஞ்சியது நம்பர் பிளேட்டின் கடகடப்பு. பின்னால் ஸ்பொஞ்ச் துண்டு ஒட்டியதும் அடங்கியது.

மரீன் டிரைவில் மச்சான் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. பின் சீற்றில் கிடந்த துவாயை எடுத்துச் சுருட்டி, பெட்டியின் துளைக்குள் இறுக்கி அடைத்தார். தவிலை மறுபடி போட்டார். ஒன்றும் பேசவில்லை. வீடு போய்ச் சேர்ந்த பிறகும் துவாய் துளைக்குள்தான் இருந்ததாம், அக்கா சொன்னா.