லேத் பக்கத்தில் டூலிப்: அளவுப் பதிவுக்கு ஏற்றதா?

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் செக் ஷீட்டை எடுத்து, எட்டு மணி நேர அளவுகளையும் ஒரே மூச்சில் நிரப்பும் பழக்கம் பல தொழிற்சாலைகளில் உண்டு. அந்தத் தாளை வைத்து எந்த எஸ்பிசி சார்ட் (அளவுகள் காலப்போக்கில் எப்படி நகர்கின்றன என்று காட்டும் தரக்கட்டுப்பாட்டு வரைபடம்) போட்டாலும் வீண். அளவெடுத்த அந்த நேரத்திலேயே, அளவெடுத்தவர் கையாலேயே பதிவு விழவேண்டும். அதற்கான மென்பொருள்களில் டூலிப் கவனிக்கத்தக்கது. 2014-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து பிரிந்து உருவான அமெரிக்க நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. புரோகிராம் எழுதத் தெரியாத புராசஸ் இன்ஜினியரே இதில் தன் லைனுக்கு வேண்டிய ஆப்பைக் கட்டிவிடலாம்.

திரை ஒவ்வொன்றும் ஒரு ‘ஸ்டெப்’. பட்டனைத் தொட்டால், ஸ்கேனர் படித்தால் என்ன நடக்கவேண்டும் என்பதை ‘டிரிகர்’ தீர்மானிக்கும். 25 மி.மீ. எச்6 ஷாஃப்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம் (எச்6 என்பது அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான தரக்குறி), விட்டம் 24.987 முதல் 25.000 வரை ஓகே. ஜாப் கார்டை ஸ்கேன் செய்ததும் பார்ட் நம்பரும் டிராயிங் ரிவிஷனும் வந்து நிற்கும். அடுத்த திரையில் எந்த விட்டத்தை, எந்த இடத்தில் அளக்கவேண்டும் என்று படம். அதற்கடுத்து அளவுக்கு ஒரே ஒரு கட்டம். தேதி, நேரம், ஆபரேட்டர் பெயர் எதையும் கேட்கத் தேவையில்லை. லாகினிலிருந்தும் சிஸ்டம் கடிகாரத்திலிருந்தும் தானாகவே விழும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இந்தக் கட்டம்தான். டாலரன்ஸையே, அதாவது அனுமதிக்கப்பட்ட அளவு எல்லையையே, உள்ளீட்டு வரம்பாகப் பூட்டிவிடுகிறார்கள். 24.982 வந்தால் ஆப் ஏற்காது, அடுத்த திரைக்கும் போகாது. பின்னால் பீஸ் குவிகிறது, டார்கெட் நெருக்குகிறது, ஆபரேட்டர் 24.988 என்று அடித்துவிட்டுப் போய்விடுவார். பொய் எழுத நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். இரண்டு எல்லைகள் வேண்டும். தட்டச்சுப் பிழையைத் தடுக்க 24.900 முதல் 25.100 வரை ஒரு அகலமான வேலி, 2.498 என்று புள்ளி மாறி விழுந்தால் அது பிடித்துவிடும். வேலிக்குள் வரும் எந்த அளவையும் ஆப் வாங்கிக்கொள்ளவேண்டும். டாலரன்ஸைத் தாண்டியிருந்தால் டிரிகர் அவரை ரிஜெக்ட் ஸ்டெப்புக்கு அழைத்துப் போகட்டும்: சிவப்பு டேக் கட்டு, காரணத்தைத் தேர்ந்தெடு, செட்டரை (இயந்திரத்தைச் சரிசெய்து அமைப்பவரை) கூப்பிடு. இந்த எல்லைகளை டிரிகருக்குள் எண்ணாக எழுதாமல் பார்ட் நம்பர், ரிவிஷன்வாரியாக ஒரு டேபிளில் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் டிராயிங் மாறும்போதெல்லாம் ஆப்பைத் திறந்து திருத்தி மறுபடி பப்ளிஷ் செய்யவேண்டும்.

அடுத்த சிக்கல் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. ஆப்பை முடிக்கும்போது எழுதப்படும் ‘கம்ப்ளீஷன்’ பதிவைப் பிறகு திருத்த முடியாது; ஆடிட்டருக்குக் காட்ட ஏற்றது. ஆனால் ஐந்து பீஸ் அளந்து, ஆப்பை முடிக்காமலே விட்டுவிட்டால் அந்த ஐந்தும் முடிந்த பதிவாக நிற்காது. டேபிளில் எழுதுவது உடனுக்குடன் நிற்கும், பின்னால் திருத்தவும் முடியும். ஆகவே பீஸுக்கு ஒரு டேபிள் வரி, சாம்பிள் செட் முடிந்ததும் ஒரு கம்ப்ளீஷன் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி.

டிஜிட்டல் மைக்ரோமீட்டரை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் கையால் அடிக்கும் வேலையே இல்லை. பட்டனை அழுத்தியதும் அளவு வந்து விழும். இந்தக் கேபிள்களில் பல, கணினிக்குக் கீபோர்டு போலத்தான் தெரியும். கர்சர் கட்டத்தில் இல்லையென்றால் அளவு எங்கும் பதியாது, ஆபரேட்டருக்கும் தெரியாது. திரையில் வேறு கட்டமே இல்லாமல் செய்வதும், வந்த அளவைப் பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டுவதும் இதற்காகத்தான்.

ஆப் ஓட இணைய இணைப்பு வேண்டும். இரும்புக் கவசம் போட்ட சிஎன்சி இயந்திரங்களுக்கு நடுவே வைஃபை நம்பகமில்லை. நிலையத்துக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டேப்லெட்டில் பேட்டரி இருந்து என்ன பயன்? கரண்ட் போனால் ஸ்விட்சும் ரூட்டரும் அணைந்துவிடும், யுபிஎஸ் அவற்றுக்கும் வேண்டும். எண்ணெய்க் கையாலும் தடித்த பருத்திக் கையுறையோடும் டச் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்யாது. பட்டன்களைப் பெரிதாக, இடைவெளி விட்டு வைக்கவேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் ஸ்கேனரிடம் வேலையை விடலாம். தமிழ்நாட்டு லைன்களில் தமிழரும் வடமாநிலத்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். நாலு வரி எழுத்தைவிட, அளக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட ஒரு போட்டோ இருவருக்கும் புரியும்.

கட்டணம் சந்தா முறையில். மூன்று லேத், இரண்டே பார்ட் என்று ஓடும் பட்டறைக்கு இந்தச் செலவு தேவையில்லை. இயந்திரத்தோடு கட்டிய அட்டையும், மணிக்கொருமுறை வந்து பார்க்கும் லைன் இன்ஸ்பெக்டரும் போதும். பார்ட்டும் ஆளும் அடிக்கடி மாறுகிற, வாடிக்கையாளர் பீஸ்வாரியாக டிரேசபிலிட்டி (எந்த பீஸ் எப்போது, யாரால் செய்யப்பட்டது என்ற தடம்) கேட்கிற லைனுக்குத் தயங்காமல் வாங்கலாம். அதிக ரிஜெக்ட் வரும் நிலையம் ஒன்றிலேயே முதலில் போட்டு, நைட் ஷிஃப்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற இயந்திரங்களுக்கு நகருங்கள்.