பெர்ஃப் லாக் கன்டென்ஷன்: எம்மேப் லாக் நெரிசலுக்கு இந்தக் கருவி போதுமா?

நூற்றுக்கணக்கான த்ரெட்டுகளோடு ஓடும் ஒரே புராசஸ். சிபியு பாதி சும்மாதான் இருக்கிறது, ஆனாலும் ரெஸ்பான்ஸ் டைம் ஏறிக்கொண்டே போகிறது. என்ன ஆச்சு என்று பார்க்க, ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' அடித்தால் அதுவும் பாதியில் தொங்குகிறது. லினக்ஸில் இவை சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எம்மேப் லாக்கைத்தான், அதாவது புராசஸின் மெமரி அமைப்பைக் காக்கும் பூட்டை. ஒரு புராசஸின் கமாண்ட் லைனை ப்ராக் (/proc) ஃபைல்கள் வழியாகப் படிக்கக்கூட அந்தப் புராசஸின் எம்மேப் லாக்கை ரீடராக எடுத்தாக வேண்டும். 'பிஎஸ்' தொங்குவது அதனால்தான்.

கெர்னல் 5.8-க்கு முன்பு எம்மேப் செம் என்று அழைக்கப்பட்ட லாக் இது. புராசஸுக்கு ஒன்று, எல்லா த்ரெட்டுக்கும் பொது. ரீடர்கள் பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம், ரைட்டர் ஒருவர் மட்டுமே. வம்பு எங்கே என்றால், ஒரு ரைட்டர் வரிசையில் நின்றுவிட்டால் பின்னால் வரும் ரீடர்களும் அவருக்குப் பின்னேதான் நிற்க வேண்டும். ஒரு ரீடர் தாமதித்தால் அவருக்காக ரைட்டர், ரைட்டருக்காக மற்ற எல்லாரும். இந்தச் சங்கிலியைக் கண்டுபிடிக்கத்தான் லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃபின் 'லாக் கன்டென்ஷன்' துணைக் கட்டளை.

இதன் பெரிய பலம், கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம் என்பது. லாக் ஸ்டாட் என்ற பழைய கெர்னல் கணக்கு வசதிக்கு அதற்கான கான்ஃபிக் போட்டுக் கட்டிய கெர்னல் வேண்டும். லாக்குகள் எடுக்கப்படும் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப்பின் கணக்கு கூடவே ஓடுவதால் எல்லாமே மெதுவாகும், நெரிசலின் உருவமே மாறிப்போகும். இந்தக் கருவியோ 5.19-இல் வந்த 'கன்டென்ஷன் பிகின்', 'கன்டென்ஷன் எண்ட்' என்ற இரண்டு ட்ரேஸ்பாயின்ட்களை (கெர்னல் கோடில் பதித்த கண்காணிப்புப் புள்ளிகளை) மட்டும் நம்புகிறது. லாக் உடனே கிடைத்துவிட்டால் அவை எழவே எழாது. காத்திருக்க நேர்ந்தால்தான் செலவு. ப்ரொடக்‌ஷனில் துணிந்து ஓட்ட முடிவது இதனால்தான்.

ரூட்டாக இருந்து 'பெர்ஃப் லாக் கன்டென்ஷன் -ஏ -பி -- ஸ்லீப் 10' என்று அடியுங்கள். '-ஏ' எல்லா சிபியுவையும் பார்க்கச் சொல்கிறது. '-பி' கணக்கை பிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) கொண்டு கெர்னலுக்குள்ளேயே கூட்டச் சொல்கிறது. '-பி' இல்லாமலும் முடியும்: முதலில் 'பெர்ஃப் லாக் ரெக்கார்ட்' ஓட்டி, பிறகு ரிப்போர்ட் எடுக்கலாம். ஆனால் நெரிசல் கடுமையாக இருக்கும்போது அந்த ஃபைல் வீங்கும், ஈவென்ட்டுகள் தொலையும். பிபிஎஃப் வழியே சரி. சில டிஸ்ட்ரோக்களின் பெர்ஃபில் அந்த வசதி சேர்க்கப்படாமல் இருக்கும். 'பெர்ஃப் -விவி' அடித்து, பிபிஎஃப் ஸ்கெலட்டன்ஸ் என்ற வரியில் 'ஆன்' இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் எத்தனை முறை காத்திருப்பு, மொத்த நேரம், அதிகபட்சம், சராசரி, லாக்கின் வகை, அழைத்த ஃபங்ஷன் என்று வரிசையாக வரும். எம்மேப் லாக் கோளாறில் 'ஆர்டபிள்யூசெம்:ஆர்' (ரீடர்-ரைட்டர் லாக்கில் காத்திருந்த ரீடர்) என்ற வகையோடு, தொட்ட மெமரிப் பக்கத்தைப் பொருத்தித் தரும் பேஜ் ஃபால்ட் ஃபங்ஷன்தான் வழக்கமாக உச்சியில் நிற்கும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பேஜ் ஃபால்ட் அதிகம் என்று முடிவு கட்டி ஹியூஜ் பேஜ் (பெரிய அளவு மெமரிப் பக்கங்கள்) பக்கம் ஓடுகிறார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் காத்திருந்தவர்கள். லாக்கைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அல்ல. கீழே குறைந்த எண்ணிக்கையில் 'ஆர்டபிள்யூசெம்:டபிள்யூ' (ரைட்டர்) என்று, மெமரியை விடுவிக்கும் மன்மேப், அதன் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட் வரிகள் இருந்தால் கண் அங்கே போக வேண்டும்.

'-ஒய் ஆர்டபிள்யூசெம்' போட்டால் மற்ற லாக்குகள் விலகும். '-எல்' போட்டால் லாக்கின் முகவரி வாரியாகக் கணக்கு வரும், பக்கத்திலேயே 'எம்மேப் லாக்' என்று பெயரும் இருக்கும். காத்திருக்கும் த்ரெட்டின் சொந்த மெமரிக்கான லாக்கோடு ஒப்பிட்டுத்தான் அந்தப் பெயரைப் போடுகிறார்கள். அடுத்தவர் மெமரியைப் படிக்கும் 'பிஎஸ்'ஸும், சிறு பேஜ்களைப் பெரிதாக இணைக்கும் கெர்னல் த்ரெட்டான கே-ஹியூஜ்பேஜ்-டி-யும் காத்திருந்தால் பெயரில்லாத முகவரியாகத்தான் தெரியும். முகவரிகளைப் பொருத்திப் பார்த்தால் ஒரே லாக் என்பது புரிந்துவிடும்.

'-ஓ' தான் இந்தக் கருவியின் மிகப் பயனுள்ள ஆப்ஷன், மிக ஏமாற்றக்கூடியதும் அதுவே. லாக்கை வைத்திருந்தவர் யார் என்று அது காட்டும்; மியூடெக்ஸுக்கும் ஆர்டபிள்யூசெம்முக்கும் மட்டும், '-பி'யோடு சேர்த்தால் மட்டும். வைத்திருப்பவர் ரைட்டர் என்றால் பதில் நம்பகமானது. ரீடர்கள் வைத்திருந்தால், கடைசியாக உள்ளே வந்த ரீடரின் பெயர்தான் லாக்கில் பதிந்திருக்கும். அவர் வெளியே போன பிறகும் அது அழிவதில்லை. ஆகவே ரீடர் பெயர் வந்தால் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தப்புபவையும் உண்டு. ஆர்டபிள்யூசெம் ரைட்டர் தூங்கப் போகுமுன் கொஞ்ச நேரம் சுழன்று பார்ப்பார். சுழற்சியிலேயே லாக் கிடைத்துவிட்டால் ட்ரேஸ்பாயின்ட் எழாது. கன்டென்ஷன் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் 'பெர்ஃப் டாப்'பில் இந்தச் சுழற்சியான ஆப்டிமிஸ்டிக் ஸ்பின் மேலே நிற்கிறதா, காரணம் இதுதான். ஸ்பின்லாக்கிலும் அப்படியே: ஒரே ஒருவர் காத்திருக்கும்போது கணக்கில் வராது, வரிசை உருவான பிறகே வரும். 6.15-இலிருந்து விஎம்ஏ (புராசஸ் மெமரியின் ஒரு தொடர் பகுதி) லாக் ரெஃபரன்ஸ் கவுன்ட்டாக மாறிவிட்டதால், அதற்காக ரைட்டர் காத்திருக்கும் நேரமும் இங்கே தெரியாது.

லாக்கை எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்பதை இது சொல்லவே சொல்லாது. அதற்கு எம்மேப் லாக்கின் தனி ட்ரேஸ்பாயின்ட்களில், 'அக்வயர் ரிட்டர்ன்ட்' முதல் 'ரிலீஸ்ட்' வரையான நேரத்தை பிபிஎஃப்ட்ரேஸில் த்ரெட் வாரியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். நெரிசல் இல்லாதபோதும் எழும் ட்ரேஸ்பாயின்ட்கள் இவை. புராசஸ் ஃபில்டர் போடாமல் ஓட்டினால் மெஷின் திணறும்.

குற்றவாளி கிடைத்த பிறகு? பெரும்பாலும் கெர்னலைத் தொட வேண்டியிருக்காது. எம்ப்ரொடெக்ட் வரிகள் குவிந்தால் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மால்லாக்கை, அதாவது மெமரி ஒதுக்கும் பகுதியைப் பாருங்கள். மெயின் அரீனா (மால்லாக்கின் முதன்மை மெமரித் தொகுப்பு) அல்லாத ஹீப்புகள் எம்ப்ரொடெக்ட் அழைத்துத்தான் வளர்கின்றன. ஒவ்வொரு அழைப்பும் எம்மேப் லாக்கை ரைட்டராக எடுக்கும். எம்மேப்பும் மன்மேப்பும் மாறி மாறி வந்தால், 128 கேபி-யில் தொடங்கும் எம்மேப் த்ரெஷோல்டைத் தாண்டும் பெரிய பஃபர்களை அடிக்கடி ஒதுக்கி விடுவிக்கிறார்கள் என்று பொருள். ஜிலிப்சி ட்யூனபிளில் அந்த வரம்பையும், காலி மெமரியைக் கெர்னலுக்குத் திருப்பும் ட்ரிம் வரம்பையும் உயர்த்தினால் சிஸ்கால்கள் குறையும். வரம்பைக் கையால் வைத்துவிட்டால் அது தானாகச் சரிசெய்துகொள்வது நின்றுவிடும். மெமரி கூடுதலாகத் தங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது கெர்னல் பதிப்பு. 4.20-இலிருந்து மன்மேப் பேஜ்களைக் கழற்றும் நீண்ட வேலையை ரைட் லாக்கில் செய்யாமல் ரீட் லாக்குக்கு இறங்கிச் செய்கிறது. 2023-இல் வந்த 6.4-இல் விஎம்ஏ வாரியான லாக் வந்தது: அனானிமஸ் (ஃபைலோடு தொடர்பில்லாத) பேஜ் ஃபால்ட்கள் பெரும்பாலும் எம்மேப் லாக்கைத் தொடாமலே முடிகின்றன, விஎம்ஏ லாக் கிடைக்காவிட்டால் பழைய வழிக்குப் போகின்றன. பேஜ் ஃபால்ட் நெரிசலுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஆனால் 6.4-இன் ஆரம்ப வெளியீடுகளில் ஃபோர்க் செய்யும்போது மெமரி கெடும் பக் இருந்தது, பிறகு திருத்தினார்கள். அந்தத் தொடக்கப் பதிப்புகளில் நிற்காதீர்கள்.

கெர்னல் கோடில்தான் பக் என்றால், மெமரி ஒதுக்குவது, யூசர் மெமரியிலிருந்து காப்பி செய்வது ஆகியவற்றை லாக்குக்கு வெளியே கொண்டுவருவது முதல் வேலை. விஎம்ஏ மரத்தை மாற்றி முடித்தவுடன் ரைட்டிலிருந்து ரீடுக்கு டவுன்கிரேட் செய்யலாமா என்று அதற்குப் பிறகு பாருங்கள். டவுன்கிரேட் செய்த பின் மரத்தை மறுபடி தொட்டால் அது புது பக். லாக்டெப் இயக்கிய கெர்னலில் ஒருமுறை ஓட்டாமல் பேட்ச் அனுப்ப வேண்டாம்.

சரியானதா என்று சோதிக்க 'வில்-இட்-ஸ்கேல்' என்ற அளவீட்டுத் தொகுப்பு நல்ல துணை. பேஜ் ஃபால்ட் சோதனையை த்ரெட்டாகவும் புராசஸாகவும் ஓட்டும். புராசஸ்களுக்குத் தனித்தனி எம்மேப் லாக். இரண்டு வரைபடங்களுக்கும் உள்ள இடைவெளி பெருமளவு அந்த லாக்கின் விலை, பேட்சுக்குப் பிறகு அது சுருங்க வேண்டும். பக்கத்திலேயே கன்டென்ஷன் ரிப்போர்ட்டையும் மறுபடி எடுங்கள். நெரிசல் ஜோன் லாக்குக்கு (மெமரி பேஜ்களை ஒதுக்கும்போது எடுக்கும் லாக்) இடம் பெயர்ந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். கடைசியில் 'பேட்' எண்ணிக்கை அச்சாகியிருந்தால் பிபிஎஃப் கணக்கு வைக்கும் மேப் நிரம்பி டேட்டா விழுந்திருக்கலாம். மேப் என்ட்ரிகளைக் கூட்டி மீண்டும் ஓட்டிய பிறகே எண்களை ஒப்பிடுங்கள்.