கேக்காமலே என் சர்வீஸ் ரிஜிஸ்டர் (எஸ்.ஆர்.) ஜெராக்ஸ் குடுத்துட்டாங்க, கவர்மென்ட் ஸ்டாஃப் எல்லாரும் உஷாரா இருங்க

வேலூர் மாவட்டத்துல வி.ஏ.ஓ.வா இருக்கேன். ஏரிப் பொறம்போக்குல ஒருத்தர் போட்ட வேலி பத்தி ரிப்போர்ட் அனுப்புனேன், அதுலருந்து அவருக்கு எம்மேல கோவம். ஆர்.டி.ஐ.ல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, என் வேலை விவரமும் சொந்த விவரமும் எழுதிருக்கிற சர்வீஸ் ரிஜிஸ்டர் முழுசும் வேணும்னு கேட்டிருக்காரு, பொதுத் தகவல் அலுவலரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பக்கத்துக்கு 2 ரூபா வாங்கிக்கினு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டாரு.

எனக்கு இது தெரிஞ்சதே பால் கடைல. "இன்னா மேடம், உங்க போட்டோ எங்க ஊர் வாட்ஸப் குரூப்புல வந்துக்குது"ன்னு கடைக்கார அண்ணன் போன நீட்டுனாரு. வீட்டு அட்ரஸ், பொறந்த தேதி, அங்க அடையாளம்னு எழுதிருந்த கழுத்து மச்சம் வரைக்கும் இருக்கு, அடுத்த பக்கத்துல நாமினியா எங்க பாப்பா பேரு. அந்த மச்சத்த வச்சு எவனோ கமெண்ட் போட்டிருந்தான், அத இங்க எழுத மாட்டேன், கையெல்லாம் நடுங்கிடுச்சு. மறுநாள் சாயந்தரம் முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேர் எங்க வாசல்ல பைக்க நிறுத்திக்கினு அரை மணி நேரம் நின்னாங்க.

ஆபீஸ்ல கேட்டா "நீ கவர்மென்ட் ஸ்டாஃப்மா, உனக்கு இன்னாமா ரகசியம்"ங்கிறாங்க.

ஆர்.டி.ஐ. தப்புன்னு நான் சொல்லல. என் சம்பளத்த யாரு வேணா கேக்கலாம், அத ஆபீஸே வெளியிடணும்னு 4வது பிரிவுல இருக்கு, நான் எழுதுன ரிப்போர்ட்டையும் கேக்கட்டும். ஆனா சர்வீஸ் விவரம், சொத்துக் கணக்கு எல்லாம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாதான் குடுக்கணும்னு கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்குல 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அப்படியே குடுக்கணும்னு நெனச்சாலும் 11வது பிரிவுப்படி மனு வந்து 5 நாளுக்குள்ள நமக்கு நோட்டீஸ் வரணும், பதில் சொல்ல 10 நாள் டைம். குடுக்கக் கூடாதத மறைச்சுட்டு மீதிய குடுக்க 10வது பிரிவு இருக்கு, ஒரு கருப்பு மார்க்கர் போதும், அதக்கூட பண்ணல.

என்ன மாதிரி மாட்டிக்காதீங்க. என் சொந்த விவரங்கள ரகசியமா வச்சுக்கணும், யாராவது கேட்டா 11வது பிரிவுல எனக்கு நோட்டீஸ் வேணும்னு இப்பவே ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, காப்பில சீல் வாங்கி வைங்க. குடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா அந்த உத்தரவு தேதிலருந்து 30 நாளுக்குள்ள நாமளும் மேல்முறையீடு போடலாம், எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இதே தெரியல. நான் 27வது நாள் போட்டேன், சைபர் கிரைம்லயும் புகார் குடுத்துட்டேன். குரூப்புல அந்தப் படம் இன்னும் ஓடிக்கினுதான் இருக்கு.