மரப் பம்பரம்: 'போரடிக்குது' என்கிற பிள்ளைக்கு வாங்கலாமா?

திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத் திருவிழாக் கடைகளில் பீப்பிக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே ஒரு கூடையில் பம்பரங்கள் குவிந்து கிடக்கும். சாயம் ஏற்றிய மரம், கீழே இரும்பு ஆணி, கூடவே சுற்றிவிட ஒரு சாட்டைக் கயிறு. விலை ஒரு கோன் ஐஸைத் தாண்டினால் அதிகம். கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு விளையாட்டுச் சாமான்தான் வாங்குவதென்றால் இதை வாங்கலாம். காரணம், இது உடனே சுற்றாது.

பேப்ளேடு என்கிற கடைப் பம்பரம் அப்படியில்லை. பட்டையைச் சொருகி இழுத்தால் முதல் தடவையே சுற்றும். ஐம்பதாவது தடவையும் அதே மாதிரிதான் சுற்றும். 2017-இல் ஊரெல்லாம் திரிந்த ஃபிட்ஜெட் ஸ்பின்னருக்கு அந்த இழுப்புகூட வேண்டாம், விரலால் தட்டினால் போதும். பழகுவதற்கு ஒன்றும் இல்லாததால் சீக்கிரமே இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. மரப் பம்பரமோ பழகும்வரை விழுந்து உருண்டுகொண்டே இருக்கும். பக்கத்தில் போன் இருந்தால் பிள்ளை நாலாவது உருளலிலேயே பம்பரத்தைப் போட்டுவிடும். செய்ய வேறொன்றும் இல்லாத பிள்ளைதான் மறுபடி சாட்டையைச் சுற்றும். ஆகவே பம்பரத்தோடு வெறும் பொழுதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

டெல்டாக் கோடையில் அதற்குப் பஞ்சமில்லை. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடினால் பாசனத்துக்குத் திறப்பது ஜூன் 12-இல்தான். ஏப்ரல், மே மாதங்களில் குதித்துக் குளிக்க ஆற்றில் தண்ணீர் இருக்காது, தூண்டில் போட வாய்க்காலும் இருக்காது. அந்த ஓட்டையை ஸ்விம்மிங் கிளாஸ், அபாகஸ் கிளாஸ் என்று அடைக்கிறார்கள். கொஞ்சம் அடைக்காமல் விட்டால்தான் பம்பரத்துக்கு வேலை.

வாங்கும்போது சாயத்தைப் பார்க்காதீர்கள், ஆணியைப் பாருங்கள். தலையை இரு விரலால் பிடித்து மெதுவாக உருட்டினால் ஆணி முனை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முனை சின்ன வட்டம் போட்டால் ஆணி கோணல். விட்டதும் பம்பரம் தவளை மாதிரி குதிக்கும். லேசான கோணலைச் சிறு கல்லால் தட்டி நிமிர்த்தலாம். ஆணி வெளியே அரை அங்குலம் நீண்டால் போதும். அதற்கு மேல் போனால் தள்ளாடும். ஊசி மாதிரி கூராக இருந்தால் மண்ணைத் துளைத்து வேகத்தைத் தின்றுவிடும், ஆட்களுக்கும் ஆபத்து. கருங்கல்லில் தேய்த்து முனையை மழுக்கினால் நின்று தூங்கும், அதாவது இடம் மாறாமல் ஆடாமல் சுற்றும். ஆணி ஆட ஆரம்பித்தால் பிடுங்கி, ஓட்டையில் ஒரு தீக்குச்சிச் சிம்பை வைத்துத் திரும்ப அடியுங்கள். ஆணியைச் சுற்றி மரத்தில் கீறல் தெரிந்தால் அந்தப் பம்பரத்தைக் கூடையிலேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பரத்தில் ஆணி நேராக இருக்கும், ஆனால் கனம் போதாது, வழவழப்பில் சாட்டை நழுவும்.

கடைக்காரர் கொடுக்கிற சாட்டைதான் இந்தச் சாமானின் பெரிய குறை. பெரும்பாலும் நைலான், பெரும்பாலும் குட்டை. முறுக்கிய பருத்திக் கயிறு இரண்டரை முழம் வேண்டும். ஒரு நுனியில் முடிச்சு. மறு நுனியில் ஓட்டை போட்ட சோடா மூடியைக் கோத்துக் கட்டினால் விரலிடுக்கில் நிற்கும். நசுக்கி மழுக்கிய மூடியாக இருக்கட்டும், இல்லையென்றால் விரலைக் கிழிக்கும்.

விடும் முறை: முடிச்சு நுனியை ஆணியில் ஒரு சுற்று இறுக்கி, அங்கிருந்து மேலே, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துச் சுற்ற வேண்டும். பம்பரத்தின் முக்கால் உயரம் வந்ததும் மிச்சத்தை விரலில் மாட்டி, ஆணி தரையைப் பார்க்க முன்னால் வீசி, தரையைத் தொடுமுன் கையைச் சுண்டி இழுக்க வேண்டும். தலைகீழாக விழுந்தால் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது. சுற்றாமல் உருண்டால் சாட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது சுண்டியது தாமதம். இடக்கைப் பிள்ளைக்குச் சுற்றும் திசையை மாற்றிப் பார்க்கலாம். இதைச் சொல்லாமல் 'அவனுக்கு வரலை' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

தரை, நெல் அடித்து இறுகிய மண் களமோ தெருவோ. ஆற்று மணலில் புதையும், வெடித்த வயலில் சிக்கும், வீட்டுக்குள் விட்டால் டைல்ஸ் போகும்.

மேலே சொன்ன அத்தனையையும் முதல் நாளே பிள்ளைக்குப் பாடமாக நடத்திவிடாதீர்கள். ஆணியைச் சரிபார்த்து, சாட்டையைக் கட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள், போதும். "அம்மா, போரடிக்குதும்மா" என்று வந்தால் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சிணுங்கல் கொஞ்ச நேரம் நீளும். பலர் இங்கேதான் மனம் இளகி ரிமோட்டை நீட்டுகிறார்கள். இன்னொரு கெடுதல், தாத்தாவே ஒவ்வொரு தடவையும் சுற்றிக் கொடுப்பது. தாத்தாவுக்குக் கை பழகும், பேரன் வேடிக்கை பார்ப்பான். ஒரு தடவை செய்து காட்டலாம், பிறகு கேட்டால் மட்டும் சொல்லலாம்.

சலிப்பால் யோசனை ஊறும் என்பதற்கு பிரிட்டன் உளவியல் ஆய்வாளர்கள் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களை எழுதவைத்தும் வாசிக்கவைத்தும் சலிக்கவிட்டு, பிறகு இரண்டு தெர்மாகோல் கப்புகளுக்கு என்னென்ன உபயோகம் என்று கேட்டார்கள். சலித்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பம்பரத்தில் கண்ணுக்கு முன்னாலேயே தெரிவது வேறு: சுற்ற வந்ததும் பிள்ளைகள் சட்டம் போட ஆரம்பிப்பார்கள். யாருடையது அதிக நேரம் நிற்கிறது, யார் சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் கொக்கி போட்டுத் தூக்கிக் கையில் பிடித்து அபீட் எடுக்கிறார்கள், தோற்றவன் பம்பரத்துக்கு எத்தனை ஆக்கர், அதாவது ஆணிக் குத்து. சண்டையும் வரும். உடனே நடுவராகப் போய் நிற்க வேண்டாம்.

ஆனால் ஆக்கர் விளையாட்டுக்கு மட்டும் கட்டுப்பாடு தேவை. வட்டத்துக்குள் கிடக்கிற பம்பரத்தை ஓங்கி ஆணியால் கொத்துவது அது. குறி தப்பினால் கால், தெறித்தால் கண். விடுகிற இடத்தில் நினைத்தபடி விழவைக்கத் தெரிந்த பிறகே ஓங்கி விட அனுமதியுங்கள். மற்றவர்கள் ஆறடி தள்ளி, செருப்புப் போட்டு நிற்கட்டும். ஏழு வயதுக்குக் கீழே பம்பரமே வேண்டாம், ஆணியும் சாட்டையும் அந்த வயதுக்கு ஆகாது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பம்பரம் போதும். சாட்டைக்கு மட்டும் கயிறு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் விட்டால் ஆணி உரசுகிற நுனி சீக்கிரம் நைந்துவிடும். பூக்கட்டுகிற நூல் மெல்லிசு, சணல் பிசிறடிக்கும், இரண்டும் உதவாது.